எழுபத்து மூன்றில் நின்ற படம்

முப்பது வருஷத்துக்கு மேல் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டிய கை அது. அந்தக் கை சனிக்கிழமை காலையில் ஒரு மவுஸைப் பிடித்து ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு தங்கையன் பீமநகர் மாடிவீட்டில் லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டு நின்றிருந்தது. பக்கத்தில் எழுபத்து மூன்று சதவீதம் என்று போட்டிருந்தது. வெகு நேரமாக அதே எழுபத்து மூன்றுதான். அதற்குள் ஒரு சரக்கு வண்டி திருச்சியில் கிளம்பி காசிக்குப் போய் முழுக்குப் போட்டுத் திரும்பியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் மகள் பானுப்ரியாவுக்கு ரிசப்ஷன். மறுநாள் முகூர்த்தம். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் லாரி அகலத்துக்கு ஒரு திரை வைத்திருந்தார்கள். அதில் ஓடுவதற்காக, பானு தவழ்ந்த நாள் முதல் வேலைக்குப் போன நாள் வரை படங்களைக் கோத்து, பாட்டுப் போட்டு, கால் மணி நேரப் படம் ஒன்றைத் தங்கையன் தானே தயாரித்திருந்தார். வெளியாள் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் சொன்னபோது, "என் பொண்ணு மூக்கு ஒழுகினது அவனுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டில் சாப்பிட்டாரா, எடிட்டிங் செய்துகொண்டே விழுங்கினாரா என்பது மனைவி ஜோதிக்கே தெரியாது. ஒருநாள் மோரென்று நினைத்துக் கோலமாவு கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, உப்பு கம்மி என்றாராம்.

ஆனால் படத்தின் உயிர் பானுவின் மூக்கில் இல்லை. அது சம்ரீனிடம் இருந்தது.

சம்ரீன், கீழ்வீட்டு அப்துல் சலாம், சாரா பீவி தம்பதியின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பானுவோடு ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே அம்மை. இப்போது ஷார்ஜாவில் நர்ஸ். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து பானுவின் முகம் வாடிக் கிடந்தது. "அவ இல்லாம மேடையில நின்னு யாருக்குப்பா சிரிக்கிறது?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத் தங்கையனுக்குத் தாங்கவில்லை. சம்ரீனோடு ரகசியமாகப் பேசினார். அவளும் ஒரு வீடியோ எடுத்து, போனில் அனுப்பினால் பெரிய திரையில் மங்கலாகிவிடும் என்று, ஊருக்கு வந்த ஒருவர் கையில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அதைச் சாரா பீவியிடமிருந்து வாங்கி அவர் படத்தில் சேர்த்தது பானுவுக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் தெரிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. உடனே பட்டனை அழுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதற்குள் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சரி, காலையில் பார்ப்போம் என்று விட்டார். காலையில் ஜோதி, "ராகு காலம் போகட்டுங்க" என்றாள். பத்தரை மணிக்குப் பட்டனை அழுத்தினார். பச்சைக் கோடு ஜம்மென்று ஓடி, எழுபத்து மூன்றில் வந்து படுத்துக்கொண்டது.

முதலில் லேப்டாப்பை அணைத்துப் போட்டார். எழுபத்து மூன்று. திறந்திருந்த மற்ற எல்லாவற்றையும் மூடினார். எழுபத்து மூன்று. இடம் போதவில்லையோ என்று, பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த குட்மார்னிங் படங்களையெல்லாம் அழித்தார். லேப்டாப் பூப்போல லேசாகிவிட்டதாக அவருக்கே தோன்றியது. கோடு அசையவில்லை. சூடாகிவிட்டதோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். அப்போது அந்த லேப்டாப்பின் வயிற்றில் முறுகலாக நாலு தோசை வார்த்திருக்கலாம்.

மணப்பாறையிலிருந்து முறுக்கு டின்னோடு வந்திருந்த அக்கா சந்திரம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா தங்கையா, பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்களை வாங்கன்னு கேக்காம பொட்டியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க."

"படம் நின்னுடுச்சுக்கா."

"நின்னா என்ன, நின்ன வரைக்கும் போடு. முக்கால் படம் பார்த்தா போதாதா? பந்திக்கு முந்தற அவசரத்துல எவன் முழுசாப் பார்க்கப் போறான்?"

"அக்கா, இது சட்டியில ஒட்டிக்கிட்ட கேசரி இல்ல, வந்த வரைக்கும் சுரண்டிப் போட. முழுசா சேமிச்சாதான் படமே."

"அப்ப ஒட்டின இடத்துல கரண்டியைப் போடு" என்று சொல்லிவிட்டு அவள் முறுக்கைக் கடித்தாள். அந்தச் சத்தம் தங்கையனின் மண்டைக்குள் ஆணிபோல இறங்கியது.

அக்கா கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அவருக்குள் பழைய கார்டு விழித்துக்கொண்டார். ஒரு வண்டி தினமும் வேறு வேறு இடத்தில் நின்றால் இன்ஜினைச் சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் நின்றால் இன்ஜினைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அந்த இடத்தில் இறங்கித் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து இன்ஜினையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று தலையில் தட்டிக்கொண்டார். சேமிப்பதை நிறுத்திவிட்டு, படத்தை முக்கால் பக்கத்துக்கு நகர்த்திப் பார்த்தார்.

பானு காலேஜ் பட்டம் வாங்கினாள். அடுத்து சம்ரீன் வர வேண்டும். வரவில்லை. கறுப்பாக ஒரு கட்டம் வந்தது. அதன் நடுவில் மஞ்சளாக ஒரு முக்கோணம். கீழே, கோப்பு கிடைக்கவில்லை.

"ஜோதி, இங்க செருகியிருந்த பென் டிரைவ் எங்க?"

சமையலறையிலிருந்து ஜோதி நிதானமாகச் சொன்னாள். "அதை நேத்தே சாரா அக்காகிட்ட கொடுத்தாச்சு."

"யாரு கொடுத்தா?"

"நாந்தான். நேத்து வெள்ளிக்கிழமை. விளக்கு வச்சப்புறம் வீட்டுலேர்ந்து ஒரு பொருளை வெளியே கொடுப்பனா நான்? கல்யாண வீடு வேற. அதான் அஞ்சரைக்கே, அவங்க பலகாரம் கொடுத்தனுப்பின டப்பாவையும் அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துட்டேன். டப்பாவை வெறுமனே கொடுக்கக்கூடாதுன்னு நாலு அதிரசம் போட்டு, மேல காகிதத்துல சுத்தி அதை வச்சேன்."

"அதிரசத்துக்கு மேலயா?"

"எண்ணெய் படாமத்தான் வச்சேன். நீங்கதான் படத்துல ஏத்தியாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க."

சொன்னது வாஸ்தவம்தான். ஏற்றியாகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் அந்த மென்பொருள் எதையும் தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொள்ளும் ஜாதி இல்லை. எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்று இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கடைசியில் சேமிக்கும்போதுதான் போய் எடுக்கும். பென் டிரைவிலிருந்ததை லேப்டாப்பில் போட்டுக்கொள்ளாமல் அப்படியே படத்தில் இழுத்து விட்டவர் இவர். வெள்ளிக்கிழமையை மீறாமல் அதைப் பிடுங்கிக் கொடுத்தவள் அவள். நடுவில் அந்த மென்பொருள் சம்ரீனைத் தேடி எழுபத்து மூன்றில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் மாடிப்படியில் உருண்டு விழாத குறையாகக் கீழே போனார்கள். சாரா பீவி புதுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பென் டிரைவா அண்ணே? அது எங்க வீட்டுக்காரர் வண்டியில இருக்கு. அதுல பாட்டும் இருக்குன்னு சம்ரீன் சொல்லியிருந்தா. காலையில ஜீயபுரம் போறப்ப வண்டியில கேட்டுக்கிட்டுப் போறேன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

மண்டப வாசலில் கட்டுவதற்குக் குலை தள்ளிய வாழைமரம் தன் பொறுப்பு என்று சலாம் பாய் சொல்லியிருந்தார். வாழைமண்டிக்காரர். ஜீயபுரத்தில் எந்தக் கொல்லையில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். எடுக்கவில்லை.

"சம்ரீனுக்குப் போடலாமா?" என்றாள் ஜோதி.

"டூட்டிம்மா. உள்ள போன் கொண்டு போக முடியாது. ராத்திரிதான் ரூமுக்கு வருவா" என்றாள் சாரா பீவி.

பின்னாலேயே இறங்கி வந்திருந்த சந்திரம்மாள் சொன்னாள். "எதுக்கு இவ்வளவு அலட்டிக்கிறீங்க. அந்த ஒரு துண்டை வெட்டிட்டா மீதி படம் வந்துடும்ல?"

வந்துவிடும்தான். தங்கையனுக்கும் அது தெரியும். சாரா பீவி புடவையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அதுவும் சரிதான் அண்ணே. என் பொண்ணுக்காகப் படமே இல்லாமப் போகக்கூடாது. வெட்டிடுங்க."

ஜோதி, அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள். "சும்மா இருங்கக்கா. சம்ரீனை வெட்டிட்டு என்ன படம்? நான் பிடுங்கினதை நானே செருகுறேன். பாய் மரத்தை மண்டபத்துக்குத்தானே கொண்டு வருவாரு. நாம அங்க போவோம். எடுங்க பொட்டியை."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி சொன்ன ஒரு வார்த்தைக்குத் தங்கையன் இவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்தது கிடையாது. ஆட்டோவில் லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. திருச்சியிலிருக்கும் அத்தனை பேரும் அவருடைய மகள் கல்யாணத்துக்கே கிளம்பிவிட்டாற்போல இருந்தது. பாலத்தின் நடுவில் போன் அடித்தது.

"தங்கையாண்ணே, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்ன விஷயம்? மரமெல்லாம் ஜோரா இருக்கு. மாஷா அல்லாஹ், ஒவ்வொரு குலையும் ஒரு ஆள் கனம்."

"மரம் கிடக்கட்டும் பாய். பென் டிரைவ் இருக்கா?"

"இருக்கே. பாடிக்கிட்டிருக்கு."

"பாட்டை நிறுத்துங்க. அதை எடுத்துச் சட்டைப் பையில வைங்க. வெத்தலை பாக்கோட சேர்த்து வாயில போட்டுராதீங்க."

மண்டபத்தின் பின்வாசலில் வாழைமர வேன் வந்து நின்றபோது மணி நாலரை. சலாம் பாய் இறங்கி, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லேசாக வெல்ல வாசனை வந்தது. தங்கையன் அதைத் தன் வேட்டியில் துடைத்தார். பிளக் பாயின்டைத் தேடினால், பந்தலில் இருந்ததையெல்லாம் சீரியல் விளக்குக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று, சமையல்கட்டில், கிரைண்டருக்குப் பக்கத்தில்.

அங்கே ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள் மலைபோல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை பென் டிரைவிலிருந்த வீடியோவை முதலில் லேப்டாப்பிற்குள் இறக்கினார். முழுதாக இறங்கியதா என்று மூன்று முறை பார்த்தார். பிறகு மஞ்சள் முக்கோணத்தை அழுத்தி, இதோ இங்கே இருக்கிறாள் உன் ஆள் என்று இடத்தைக் காட்டினார். முக்கோணம் மறைந்து அந்த இடத்தில் சம்ரீனின் முகம் வந்தது. சேமி என்று அழுத்தினார்.

ஐம்பது. அறுபது. ஜோதி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சாரா பீவி உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். எழுபது. எழுபத்து இரண்டு. கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கூட எதற்கென்று தெரியாமலே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

எழுபத்து மூன்று.

எழுபத்து நான்கு.

தங்கையன் விட்ட மூச்சில் பக்கத்திலிருந்த வெங்காயத் தோலெல்லாம் பறந்து சாம்பார் அண்டா பக்கம் போயிற்று. கண்ணில் நீர் கொட்டியது. வெங்காயம் என்று அவர் சொன்னார். வெங்காயத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஜோதியும் அதையேதான் சொன்னாள்.

ஏழரை மணிக்கு அந்த லாரி அகலத் திரையில் படம் ஓடியது. பானு மேடையில் வைரம்போல மின்னிக்கொண்டு நின்றாள். சிரிப்பு மட்டும் வாடகைக்கு எடுத்து ஒட்டியதுபோல இருந்தது. தவழ்ந்தாள், மூக்கு ஒழுகினாள், பட்டம் வாங்கினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு திரை முழுக்க நர்ஸ் உடையில் ஒரு முகம் வந்து முறைத்தது.

"ஏய் பானு, மூஞ்சியை ஏன்டி அப்படி வச்சிருக்க? நான் வரலைன்னுதானே. இங்கேர்ந்தே தெரியுது எனக்கு. ஒழுங்கா சிரி. உன் வீட்டுக்காரர் பயந்து ஓடிடப் போறாரு."

பானு ஒரு கணம் திரையைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர்கூட, சிரித்தது யார் என்று எட்டிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடித் தன் பையையெல்லாம் தட்டிப் பார்த்தார்.

"அப்பா," என்று மேடையிலிருந்தே கூப்பிட்டாள், மைக்கில்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "அவளை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லுங்கப்பா."

போட்டார்கள். சாரா பீவி எழுந்து நின்றே பார்த்தாள். தங்கையன் கடைசி வரிசையில் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டார். ஜோதி தட்டில் சூடாக எதையோ கொண்டு வந்து கையில் கொடுத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.