எனக்காகக் கட்டிய அறை

எனக்கு உடைந்தது இடுப்பு எலும்பு மட்டும்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால், காது, வாய், மூளை எல்லாமே சேர்ந்து உடைந்துவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகம் வரும்.

ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து எனக்குக் கட்டில் ஹாலில். மாடியில் இருந்த எங்கள் அறைக்கு இனி ஏற முடியாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் செருப்பு ஸ்டாண்ட். வீட்டுக்கு வருகிறவர்கள் என் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இப்ப எப்படி இருக்கு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். புடவை மாற்ற ஒரு பழைய திரை. பாத்ரூம் பின்பக்கம், இரண்டு படி இறங்க வேண்டும். வாக்கரைத் தூக்கிக்கொண்டு படி இறங்க என்னால் ஆகாது, அதனால் ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வயதில் அந்த அவமானம் இருக்கிறதே, இடுப்பு வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எனவே ஹாலை ஒட்டி, பக்கவாட்டுக் காலி இடத்தில் எனக்கென்று ஓர் அறையும் பாத்ரூமும் கட்டலாம் என்று பெரியவன் ஒருநாள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாழ்ப்பாள் போட ஒரு கதவு, யாரையும் கூப்பிடாமல் போய்வர ஒரு பாத்ரூம். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

திட்டம் போட அப்பாவும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். வரைபடத்தை விரிக்க இடம் போதவில்லை என்று என்னைக் கொஞ்சம் நகர்ந்து படுக்கச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகும்வரை பாலம் கட்டும் ஆபீஸில் ஃபைல் பார்த்தவர். பாலத்தைத்தான் பார்த்ததில்லை. இருந்தாலும் அஸ்திவாரம் என்ற சொல் காதில் விழுந்தால் தோளை நிமிர்த்திக்கொள்வார். பெரியவன் கம்ப்யூட்டரில் அந்த அறையை ஏற்கனவே கட்டி முடித்து, உள்ளே ஒரு பூந்தொட்டியும் வைத்துவிட்டான். சின்னவன் போனில் வீடியோ பார்த்தே சகலமும் கற்றவன். போன மாதம் வரை பல் டாக்டராக இருந்தான், இப்போது கட்டட நிபுணர்.

"அஸ்திவாரத்துல கை வைக்காதீங்க, அதை நான் பாத்துக்கறேன்," என்றார் இவர்.

"தரை மட்டும் ஹாலோட ஒரே மட்டமா இருக்கணும்ப்பா," என்றான் பெரியவன். "அம்மா வாக்கரோட நேரா உள்ள போகணும். ஒரு நிலைப்படிகூடக் கூடாது."

"கரெக்ட்," என்றான் சின்னவன்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் இவர்.

என் வயிறு குளிர்ந்தது. ஆனால் கூடவே பகீர் என்றும் இருந்தது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடிப் பேசும்போது ஒருவரை ஒருவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய், அவரவர் நினைத்ததைச் சத்தமில்லாமல் செய்துவிடுவார்கள். இதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் இந்த ஒற்றுமைக்கு நல்ல மதிப்பும் இருக்கிறது.

வேலை தொடங்கியது. அஸ்திவாரப் பள்ளம் தோண்டத் தோண்ட இவருக்குப் போதவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கிழவிக்கும் ஒரு கட்டிலுக்கும் தோண்டுகிறோம் என்பதை மறந்து, லாரி போகிற பாலத்துக்குத் தோண்டவைத்தார். உள்ளே இறங்கிய ஆட்களின் தலை மட்டும்தான் என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. ஆழத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு உயரம் ஆரம்பித்தது.

மேஸ்திரி நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் சரி என்பார். அவர் டீ குடிக்கும் இடம் என் ஜன்னலுக்கு நேர் கீழே. முதலில் இவர் டம்ளரோடு போனார்.

"மேஸ்திரி, ரோடு போடும்போதெல்லாம் ரோடு ஒசந்துக்கிட்டே போகுது. நாளைக்கு மழைத் தண்ணி உள்ள வரக்கூடாது. ஒரு வரிசை செங்கல் கூட வச்சிடுங்க. பசங்ககிட்ட சொல்ல வேணாம், அவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"சரி சார்."

அடுத்த நாள் பெரியவன் ஆபீஸிலிருந்து போன் செய்தான். மேஸ்திரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எடுத்த அறை நம்முடையதைவிட உயரமாம், இது குழிக்குள் இருக்கிற மாதிரித் தெரியுமாம். ஒரு வரிசை கூட வையுங்கள், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். அதற்கும் சரி சார். அதற்கு அடுத்து சின்னவன் வந்தான். ஈரம் தரையிலிருந்து சுவருக்கு ஏறுமாம், வீடியோவில் ஒருவர் படம் போட்டுக் காட்டியிருக்கிறாராம்.

"ஒரே ஒரு வரிசைதான் அண்ணே. எங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, தேவையில்லாம டென்ஷனாவான்."

"சரி தம்பி."

கடைசியில் மேஸ்திரி தன் ஆளிடம், நாளைக்குத் தண்ணீர் நின்றால் நம் பெயர்தான் கெடும் என்று சொல்லி, தன் பங்குக்கும் ஒரு வரிசை வைக்கச் சொன்னார். எல்லாருக்கும் என்மேல் அவ்வளவு அக்கறை.

நான் சும்மா இருக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம், "ஏங்க, மூணு பேரும் தனித்தனியா ஒசத்தச் சொல்லியிருக்கீங்க. மட்டம் தப்பப்போகுது," என்றேன்.

"பசங்க என்னைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டாங்க. நீ ரெஸ்ட் எடு."

பெரியவனிடம் சொன்னேன். "மேல டைல்ஸ் போடும்போது எல்லாம் சரியாயிடும்மா. நீ ரெஸ்ட் எடு," என்றான். டைல்ஸ் போட்டால் தரை இன்னும் உயரும் என்பது அவன் படித்த படிப்பில் வரவில்லை போலும். சின்னவனிடம் சொன்னேன். அவன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றாமலே என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

ரெஸ்ட் எடுத்தேன். வேறு வழி?

சுவர் எழும்பியது, கூரை வந்தது. உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, காங்கிரீட் போட்டு, அதன்மேல் பெரியவன் தேர்ந்தெடுத்த கனமான டைல்ஸும் பதித்தாயிற்று. ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருந்த பழைய சுவரை மட்டும் கடைசிவரை உடைக்கவில்லை. அம்மாவுக்குத் தூசி ஆகாது என்று மூன்று பேருமே சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் நிஜமாகவே ஒத்துப்போனார்கள். ஆட்கள் எல்லாரும் வெளியே சுற்றித்தான் போய்வந்தார்கள், அதனால் எந்தத் தரை எங்கே நிற்கிறது என்று யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சுவரை உடைக்கும் நாளில் என்னை நன்றாக உடுத்தி, வாக்கரோடு எதிரில் நிறுத்தினார்கள். சின்னவன் வீடியோ எடுக்கப் போனைப் பிடித்தான். செங்கல் சரிந்து, தூசி அடங்கியதும் பார்த்தால், என் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. அதன்மேல் பளபளவென்று என் அறை. நாடகம் போடலாம்.

சின்னவன் போனை மெதுவாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"என்ன மேஸ்திரி இது?" என்றார் இவர்.

"நீங்கதான சார் ஒரு வரிசை சொன்னீங்க."

"ஒரு வரிசைதான சொன்னேன்?"

மேஸ்திரி பெரியவனைப் பார்த்தார். அப்புறம் சின்னவனைப் பார்த்தார். அவர்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். கூரை நன்றாகத்தான் இருந்தது.

வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே அடுத்த திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். படி கட்டலாம், கைப்பிடி வைத்தால் போதும் என்றார் இவர். இடுப்பில் ஆணி அடித்த பெண்டாட்டி படியேற முடியாது என்பதற்காகக் கட்டிய அறை அது என்று அவருக்கு யார் சொல்வது? சாய்தளம் போடலாம் என்றான் சின்னவன். டேப்பைப் பிடித்து அளந்தார்கள். வாக்கர் சறுக்காமல் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் சமையலறைக்குள்ளிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தது.

"நாங்க தூக்கிட்டுப் போய் விட்டுடறோம்மா," என்றான் பெரியவன். "தினம் காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை."

நடுவில் பாத்ரூம் வந்தால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன், "ஒண்ணும் அவசரம் இல்ல. அதுவரைக்கும் ரூம் வீணா கெடக்க வேணாம், நான் ஆபீஸ் வேலைய அங்க வச்சிக்கறேன். வெளிச்சம் நல்லா இருக்கு," என்றான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வழக்கம்போல ஒற்றுமை.

எனக்கு அழுகை வரவில்லை. கெட்ட கோபம் வந்தது. உடம்பில் இவ்வளவு தெம்பு எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கே தெரியாது.

அவர்கள் மேடைமேல் ஏறி மேஜையை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாக்கரைத் திருப்பினேன். ஹாலின் அந்தக் கோடியில் பெரியவனும் மருமகளும் படுக்கும் அறை. தரை ஒரே மட்டம், பாத்ரூம் உள்ளேயே. பகலெல்லாம் மருமகள் அங்கேதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பாள். திரையில் பத்து முகம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் வாக்கரோடு ஊர்வலம் போக வெட்கப்பட்டு நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. பெற்றவள் ஹாலுக்கு வரலாம், பிள்ளையை வரச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்கு நானும்தான் தலையாட்டியிருந்தேன்.

மருமகள் அப்போதுதான் வேலையை முடித்துக் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உடைந்த சுவர்ப் பக்கமிருந்து வந்த பேச்சும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எழுந்திரும்மா. இனிமே இது என் ரூம்."

அவள் கம்ப்யூட்டரை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஹீட்டர் ஸ்விட்ச் பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கு அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் இவர் குரல் வந்தது, விளையாடாதே என்று. அடுத்து சின்னவன், கதவைத் தட்டித் தட்டி. அப்புறம் மூவரும் குசுகுசுவென்று கலந்து பேசினார்கள். கடைசியில் பெரியவன் கதவுக்குப் பக்கத்தில் வந்து, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டான்.

"அம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்?"

இடுப்பு உடைந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அதை வரவழைக்க நடுவில் ஒரு மூடிய கதவு தேவைப்பட்டிருக்கிறது.

முதலில் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன், தனியாக.