அண்ணி வரைந்த பூ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்காக ஒரு டிசைன் ஏஜென்சிக்குப் போயிருந்தேன். அட்டையில் ஒரு ஜன்னல் வேண்டும், ஜன்னலில் ஒரு பறவை வேண்டும், பறவை சற்றே சோகமாக இருக்க வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எதிரே இருந்த டிசைனர் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் உங்களுக்கு வேணுமா, இல்ல வேற யாருக்காவது பிடிக்கும்னு சொல்றீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சிரித்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்த, ஒரு சோப்புக் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். சொன்னது நாலு வரி இருக்கும். மீதியை நான் இட்டுக்கட்டிக்கொண்டேன். அந்த நாலு வரி எவை என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழம்பிவிட்டது.

2

இப்படித்தான் தொடங்கினேன்:

'டிசைன் வேலையை வெளியே கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் அண்ணியின் கையிலிருந்து பென்சில் நழுவியது. இத்தனை வருடம் அவர் வரைந்த பூக்களெல்லாம்...'

பூக்களெல்லாம் என்ன செய்தன? வாடினவா? அழுதனவா? எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. (போதாக்குறைக்கு அண்ணி வேலை செய்வது கம்ப்யூட்டரில். பென்சில் எங்கிருந்து வந்ததோ.)

இன்னொரு தொடக்கமும் எழுதினேன். அதில் மழை பெய்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

3

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னாலேயே சோப்புப் பட்டறை. மூத்தவரான அண்ணன் கலவை அறையில் எண்ணெயையும் சோடாக் காரத்தையும் சேர்த்துக் கிண்டி அச்சில் ஊற்றுவார். தம்பி கடை கடையாகப் போய் விற்பனையைப் பார்ப்பார். அம்மா, கட்டிகளைக் காகிதத்தில் சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து தானும் சுற்றுவார். ஊர்க்கதை அத்தனையும் அந்த மேசையில்தான் அலசப்படும். அண்ணனின் மனைவி நம் அண்ணி. தம்பிக்கு அண்ணி, அதனால் சுற்றும் பெண்களுக்கும் அண்ணி, சரக்கேற்ற வரும் டிரைவருக்கும் அண்ணி.

கல்யாணமாகி வந்த புதிதில், அச்சகத்து ஆள் வாசலில் நிற்க, உறைக்குப் படம் எதுவும் இல்லாமல் வீடே திருதிருவென்று விழித்தபோது, அண்ணி அவசரத்துக்கு ஒரு பூவை வரைந்து கொடுத்தார். ஐந்து இதழ், இரண்டு இலை. அன்றைக்கு மாட்டினவர்தான். உறை, அட்டைப்பெட்டி, விலை அட்டை, கடைப் பலகை, தள்ளுபடி நோட்டீஸ், எல்லாம் அண்ணி தலையில் விழுந்தன. எல்லாவற்றிலும் அந்தப் பூ இருந்தது.

அவருக்குப் பிடித்ததோ கலவை அறை. ஏதாவது சாக்கு வைத்து அதன் வாசலில் போய் நிற்பார். காய்கிற கட்டிகளின் வாசனையை வைத்தே எந்தத் தட்டு என்றைக்கு ஊற்றியது என்று கண்டுகொள்வார். தலைக்குள் அவர் கலந்து வைத்திருந்த வாசனைகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு முறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். அண்ணன் நல்ல மனுஷர். உண்மையான அக்கறையோடு, "உனக்கு டிசைன் வேலையே தலைக்கு மேல கிடக்கே" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.*

* கெட்ட மனுஷர் என்றால் சண்டை போட்டிருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இந்த இடத்தில் என் பேனாவும் திணறியது.

4

புதிய கடைகள் புதிய வகைகளைக் கேட்டன. அண்ணி ஒரு ஆளால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தம்பி ஓர் ஏஜென்சியைப் பேசி முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் விஷயத்தைச் சொன்னார். இனிமேல் டிசைன் எல்லாம் வெளியேதான், அண்ணி தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டார்.

வெளியே மூன்று பேரும் சோற்றைப் பிசைந்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே அண்ணி, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். விட்டது தொல்லை. இனி கலவை அறைக்குப் போகக் கை சும்மா இருக்கிறது.

ஆனால் சிவந்த கண்ணோடு வெளியே வந்தவரைப் பார்த்ததும் மூவருக்கும் நெஞ்சு உடைந்துவிட்டது. அந்த நேரத்தில் போய், சிரித்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் இவ்வளவு நாள் ஆசையாகப் போட்டுவந்த பூவை அவர் மதிக்கவில்லை என்றாகிவிடாதா? அண்ணி சொல்லவில்லை.

5

அடுத்து நடந்தது இந்தக் குடும்பத்தில் மட்டுமே நடக்கும். தம்பி ஏஜென்சியின் டிசைனருக்கு, எனக்கு இதைச் சொன்ன அதே பெண்ணுக்கு, போன் செய்து, என்ன மாற்றினாலும் அந்தப் பூ மட்டும் இருக்கட்டும், நான் சொன்னதாக அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்றார். பிறகு அண்ணன் தனியாக அழைத்து அதையே சொன்னார். கூடவே, வரைகிற ஒவ்வொன்றையும் தன் மனைவி பார்த்துத் திருத்துகிற மாதிரி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். கடைசியாக அம்மா, தம்பியின் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், என் மருமகள் மனசு நோகக் கூடாதம்மா என்று கெஞ்சினார்.

டிசைனர் என்ன செய்வார்? கேட்டதைக் கொடுத்தார். புதிய உறை என்று அவர் மேசையில் வைத்தது பழைய உறையேதான். ஐந்து இதழ், இரண்டு இலை, நிறம் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது.

மூவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. அண்ணி முகத்தில் மட்டும் அது இல்லை. பூ திரும்பி வந்துவிட்டது. இனி ஒவ்வொரு உறையையும் உட்கார்ந்து திருத்த வேண்டும், கலவை அறைக் கதவு மறுபடி மூடிவிட்டது. டிசைனர் கேட்டபோது பழக்கதோஷத்தில் "நல்லாருக்கு" என்றார்.

6

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வழிகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அண்ணி வாயே திறக்கவில்லை, ஆயுசுக்கும் பூ. [எழுதிவிட்டு எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.] இன்னொன்றில், டிசைனரே எல்லாவற்றையும் போட்டு உடைத்து, கலவை அறையை இவருக்குக் கொடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். [வெளியாள் எப்படிச் சொல்வார்? அவர் வந்தது உறை போட.] மூன்றாவது வழி இது:

அண்ணி "நல்லாருக்கு" என்றதும் டிசைனர் உறைக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "இந்த வீட்டிலேர்ந்து எனக்கு மூணு போன் வந்துச்சு. மூணு பேரும் உங்களுக்காகத்தான் கேட்டாங்க. நீங்கதான் எதுவும் கேக்கல. உங்களுக்கு என்ன வேணும்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அண்ணியிடம் கேட்டதில்லை. பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. அண்ணி கணவரைப் பார்த்தார்.

"எனக்கு இந்தப் பூ வேணாம்."

"நீ வரைஞ்சதாச்சே" என்றார் அண்ணன்.

"அன்னிக்கு அச்சகத்து ஆள் நின்னுட்டிருந்தாரு, வரைஞ்சேன். டிசைன வெளிய குடுக்கறோம்னு சொன்ன அன்னிக்குப் பாத்ரூம்ல நான் அழல, சிரிச்சேன். நான் வாசனை கலக்கணும். கலவை ரூமுக்கு வரணும்."

அண்ணனுக்கு முகம் போன போக்கைச் சொல்லவேண்டியதில்லை. அப்போது அம்மா மெல்லத் தொண்டையைச் செருமினார். "எனக்கும் அந்தப் பூ பிடிச்சதே இல்ல. உன் மனசு நோகுமேன்னு பேசாம இருந்தேன்." தம்பி, கடைக்காரர்கள் அதை முட்டைக்கோஸ் என்று சொல்வதாக, இத்தனை நாள் மறைத்து வைத்ததைக் கக்கினார். முதலில் சிரித்தது அண்ணிதான்.

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து பட்டறைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த தன் ரப்பர் கையுறைகளை எடுத்துவந்து அண்ணி முன்னால் வைத்தார். "உனக்குப் பெருசா இருக்கும். நாளைக்கு வேற வாங்கலாம். இன்னிக்கு இதைப் போட்டுக்கோ."

போகும்போது டிசைனரின் கையை அண்ணி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கேட்டதற்கு நன்றி என்று சொல்ல நினைத்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

7

அண்ணி கலந்த முதல் வாசனையின் கட்டி ஒன்று, புதிய உறையோடு, இப்போது என் மேசையில் இருக்கிறது. டிசைனர் கொடுத்து அனுப்பினார். (என் அட்டையில் ஜன்னலும் இல்லை, பறவையும் இல்லை. நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நானும் கடமைப்பட்டிருக்கிறேன்.) உறையைப் பிரித்து முகர்ந்தேன். முகர்ந்ததும் எனக்கு...

எழுத வரவில்லை. நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு பூ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு வராத வேலையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை என்று இந்த வீட்டுக்காரர்கள் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதனால் கடைசி வேலையை வெளியே கொடுக்கிறேன், உங்களிடம்.

அண்ணி அந்தப் பெரிய கையுறையோடு முதல் கட்டியை அச்சிலிருந்து தட்டி எடுத்து, மூக்கருகே கொண்டுபோகிறார். கணவர் பக்கத்தில் நிற்கிறார். அது என்ன வாசனை? வேறு யாருக்காவது பிடிக்குமே என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை வையுங்கள்.

பூ மட்டும் வேண்டாம்.