வாயைத் திறந்து காட்டுங்க

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். என் வாய் சும்மா இருக்காது என்பது அங்கே வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்களை நிற்க வைத்து வெளுத்து வாங்குவேன். திட்டு வாங்கினாலும் என் கவுண்டரைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், சர்க்கரை நோய்க்காரர். வலது கால் கட்டைவிரலில் வந்த கொப்புளம் புண்ணாகி எலும்புவரை போய்விட்டது. சீழைச் சோதித்துப் பார்த்தால், கிருமி லேசுப்பட்டதில்லை. கிருமியின் மேல்சுவரை உடைத்துக் கொல்கிற சாதாரணப் பென்சிலின், புரதம் செய்ய விடாமல் முடக்குகிற மாத்திரைகள், எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்தது. வாய்வழி மருந்தில் சிப்ரோ ஒன்றுதான் கேட்டது. கிருமி தன்னை நகலெடுத்துப் பெருக விடாமல் தடுக்கிற மருந்து அது. விரல் தப்பினால்தான் பிரேக்கை நம்பி மிதிக்க முடியும். இல்லையென்றால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சர்ஜனிடம் பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையும் இரவும் என் கையாலேயே கொடுத்தேன். எலும்பில்தானே புண், எலும்புக்கு வலு வேண்டாமா என்று கூடவே ஒரு கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தேன். முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வேன். "டிக்கெட் செக்கிங் வந்தாச்சு" என்று கேலி செய்துகொண்டே நாக்கைத் தூக்கிக் காட்டுவார்.

மறுபரிசோதனைக்குப் போனால், விரல் முன்னைவிடக் கறுத்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப்போயிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று சர்ஜன் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னையா கேட்கிறார், அதுவும் என் ஆஸ்பத்திரியில்! வெளியே வந்ததும் அத்தனை ஆத்திரத்தையும் என் வீட்டுக்காரர் மேல் கொட்டினேன்.

"எல்லாத்தையும் துப்பிட்டு எங்கிட்ட நாக்கைக் காட்டி நடிச்சீங்களா?"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு விடாம முழுங்கினேன்மா" என்றார், மெல்லிய குரலில்.

பொய் என்றேன். இன்னும் என்னென்னவோ வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவர் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுப்பதற்காக அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள்.

மறுநாள் கவுண்டரில் ஒரு பெண் சிப்ரோ சீட்டை நீட்டினாள். பழக்க தோஷத்தில் வாய் தானாக ஓடியது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, சேர்த்துப் போட்டால் அது சிப்ரோவை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது, அதனால் நேரம் தள்ளித்தான்... எவ்வளவு நேரம் தள்ளி என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவரைக் கவனிக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். ஊருக்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததை என் வீட்டில் மறந்து தொலைத்திருக்கிறேன். வார்டுக்குப் படி ஏறினேன்.

சர்ஜன் என் வீட்டுக்காரர் கட்டிலருகே நின்றிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேற்று வீட்டுக்காரரைத் தனியாகவா திட்டினேன்? எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"டாக்டர், அவர் துப்பல. நான்தான் சிப்ரோவோட கால்சியத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். மருந்து உள்ளயே போகல."

சர்ஜன் கேஸ் ஷீட்டை எடுத்து எழுதினார். பிறகு, எலும்பு கரைந்துவிட்டதால் விரல் தப்பாது, ஆனால் சிப்ரோவைத் தனியாகக் கொடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. பஸ்ஸைப் பற்றியும் கேட்கவில்லை. அடுத்த கட்டில்காரர்களைப் பார்த்துவிட்டு, "நேத்து அங்க இருந்தவங்களுக்கு யார் போய்ச் சொல்றது?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர்கள் எல்லோரும் சீட்டு வாங்கிக்கொண்டு எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

விரலை எடுத்த பிறகு, சிப்ரோவை மட்டும் வெறும் தண்ணீரோடு நீட்டினேன். கட்டுப் போட்ட காலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாத்திரையை முழுங்கினார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நான் பார்த்து முடிக்கட்டும் என்று திறந்தபடியே காத்திருந்தார்.