மலையா, ஆற்றோரமா?

சத்திரக்காரர் மூன்றாவது முறையும் வந்து கேட்டுவிட்டார். மலை வழியா, ஆற்றோர வழியா? எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் அடுத்த சத்திரத்துக்குப் போன் போட்டுக் கட்டில் பிடித்துவைப்பார். மலை ஏறினால் கோயிலுக்கு இரண்டே நாள், ஆனால் மூச்சு முட்டும் ஏற்றம். ஆற்றோரம் சமதரைதான், ஒரு வாரம் இழுத்துவிடும்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தவருக்கு வழி விசாரிப்பதைவிட என்ன வேண்டும்? மத்தியானத்திலிருந்து சத்திரத்தில் ஒருவரையும் விடவில்லை. சமையல்காரரிடம் வளைவுகளைப் பற்றி விசாரித்தார். செருப்புத் தைப்பவரிடம் சரளைக்கல் உண்டா என்று கேட்டார். பதிலுக்கு எல்லாரும், ஆபரேஷன் பண்ணின நெஞ்சு ஏற்றம் தாங்குமா என்று கேட்டார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, தழும்பைக் காட்டி, ஆபரேஷன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை.

அவர் மனைவி உள்ளறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றப் பயம். குதிகாலில் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, துணி அதோடு ஒட்டிப்போயிருந்தது. இனி ஒரு தெருவைக்கூட அவளால் கடக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆபரேஷன் அறை வாசலில் நின்று, இவரை உயிரோடு கொடு, இரண்டு பேரும் நடந்தே வருகிறோம் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். பாதியில் நின்று, கொடுத்ததைச் சாமி திருப்பி எடுத்துக்கொண்டால்? அந்தப் பயத்தோடு கோபமும் வந்தது. ஊரே அவர் நெஞ்சைத் தாங்குகிறது, இவள் காலை யார் பார்த்தார்கள்?

அவர் உற்சாகமாக உள்ளே வந்தார்.

"மலைதான். முடிவு பண்ணிட்டேன். விடிஞ்சதும் கிளம்பணும்."

"சரிங்க" என்று எழுந்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார். சாக்ஸ் பின்பக்கம் முழுக்க ரத்தக்கறை.

"என்னடி இது? எப்போலேருந்து?"

"அந்தப் பெரிய பாலம் தாண்டினதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நின்னுடலாம்பீங்க. நின்னு, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என் உசுரு என்ன, உன் குதிகால்லயா தொங்குது?"

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. வெந்நீர் வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து, சாக்ஸை நனைத்து நனைத்துப் பிரித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆறினா நடப்போம். ஆறலேன்னா பஸ்ல போவோம்."

"சாமி கோச்சுக்குமே."

"என்கிட்ட கோச்சுக்கட்டும். பஸ் ஓட்டினவன், திட்டு வாங்கறதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்."

வாசலில் மறுபடியும் சத்திரக்காரர். "என்னண்ணே, எந்தப் பக்கம்னு சொல்லட்டும்?"

டிரைவர் தலை நிமிரவில்லை. "அவளைக் கேளுங்க."

வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"எந்தச் சத்திரத்துக்கும் சொல்ல வேணாம்ணே" என்றாள். "எனக்குத் தூங்கணும்."