பத்தாவது கட்டுரை

டோர்டிஸ் நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து என் மேசையில் ஒரு தாளைப் போட்டாள். நார்வேயின் பெர்கன் நகரில் எங்கள் மருத்துவ நூலகத்தில் முப்பது வருடமாகத் தேடல் வேலை பார்ப்பவள். தாளில் பத்துக் கட்டுரைகளின் தலைப்புகள். ஒன்பதுக்கு டிக் அடித்திருந்தாள்.

"பத்தாவது எங்கடி போச்சு?"

தேடல் சரியாக நடந்ததா என்று பார்க்க, கட்டாயம் அகப்பட வேண்டிய பத்துக் கட்டுரைகளை அவள் முன்கூட்டியே குறித்துவைப்பாள். ஐந்து ஆய்வுத் தளங்களில் தேடி நாலாயிரத்துச் சொச்சம் முடிவுகளை அள்ளியபோது பத்தும் இருந்தன. இரட்டிப்பாக வந்தவற்றையும் வேண்டாதவற்றையும் நீக்கி நான் சலித்துக் கொடுத்த பட்டியலில் ஒன்பதுதான்.

மணி பத்தேகால். பன்னிரண்டுக்குள் எங்கள் அறிக்கை சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். மீன் ஆலைத் தொழிலாளர்களின் தோள்வலிக்கு ஊசி போடுவதைத் தொடரலாமா என்று மதியம் கூடும் குழு அதை வைத்துத்தான் முடிவெடுக்கும். அறிக்கை போனால் என் வேலை இரண்டு வருடம் நீளும். போகாவிட்டால் டிசம்பரோடு சரி.

சலிப்பதற்கு முன் இருந்த பழைய கோப்பில் தேடினேன். அந்தத் தலைப்பு இரண்டு தடவை இருந்தது. ஒன்று மாநாட்டில் வாசித்த அரைப்பக்கச் சுருக்கம். மற்றது முழுக் கட்டுரை. அதே ஆட்கள், அதே வருடம். இரட்டிப்புகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டி, சுருக்கத்தை வைத்துக்கொண்டு கட்டுரையைத் தூக்கி எறிந்திருந்தது. பிறகு, 'விவரம் போதாது' என்று அந்தச் சுருக்கத்தையும் நானே ஒதுக்கியிருக்கிறேன்.

"ஜோடி ஜோடியாப் பாத்துத்தானே அழிச்ச?"

நான் திரையை மேலும் கீழும் உருட்டினேன்.

"மார்கிட்!"

"இல்ல. எல்லாத்தையும் அழின்னு அமுக்கிட்டேன். ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தேழு ஜோடி, டோர்டிஸ். கண்ணு அவிஞ்சிரும்."

"மீன் அறுத்தவ மகதானே நீ? முள்ளு இருக்கான்னு தடவிப் பாக்காம உங்கம்மா பெட்டியில போடுவாளா?"

சுருக்கென்றது. முழுக் கட்டுரையைத் திறந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று ஊசிக்கு மேல் போட்டுக்கொண்டவர்களில் முப்பத்தொரு பேருக்குத் தோளின் தசைநாண் அறுந்திருந்தது. எங்கள் அறிக்கையோ, பெரிய தீங்கு எதுவும் தென்படவில்லை என்கிறது.

பதினொன்றுக்கு, அறிக்கைக்குப் பொறுப்பான பேராசிரியர் ஹல்வார் காப்பிக் கோப்பையோடு வந்தார். சொன்னேன்.

"ஒண்ணுதானே? கையால சேத்துடு. எண்ணிக்கையைச் சரிபண்ணு. ஒரு மணி நேரம் கெடக்கு."

"மிச்ச ஜோடிங்க?"

"மிச்சத்துக்கு என்ன?"

"இதுவரைக்கும் நாப்பது பாத்தேன். அதுலயும் ரெண்டு இப்படித்தான் போயிருக்கு."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாப்பதுக்கு ரெண்டுன்னா மொத்தத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்குங்க, பேராசிரியரே" என்றாள் டோர்டிஸ்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "இத பாரும்மா, இப்ப அனுப்பு. பின்னால திருத்தம் போடலாம். எல்லாரும் போடுறதுதான்."

"ஊசி குத்தினதுக்கப்புறம் திருத்தத்தை எங்க போடுறது? தோள்லயா?" என்றேன்.

"டிசம்பருக்கப்புறம் உனக்குச் சம்பளம் குடுக்க எங்கிட்ட வழியில்ல. தெரியும்ல?"

"தெரியும்."

மணி பதினொன்று பத்து. அவர் என் விசைப்பலகையை எட்டிப் பார்த்தார். அனுப்பு என்ற பொத்தான் திரையில் பச்சையாக இருந்தது. அவர் கை நீளுமோ என்று நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்து மறைத்துக்கொண்டேன். தொலைபேசியை எடுத்தேன்.

துறையில் ஒரு பெண் எடுத்தாள். பட்டியலில் தவறு இருக்கிறது, அறிக்கை இன்று வராது என்றேன்.

"அடுத்த கூட்டம் மார்ச்சுலதாங்க. அதுவரைக்கும் ஊசி போடுறது இப்படியேதான் ஓடும்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஹல்வார் கையை விரித்தார். பார்த்தாயா என்பதுபோல.

"அப்படின்னா இதை மட்டும் எழுதிக்குங்க" என்றேன். கட்டுரையின் பெயரைச் சொன்னேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொன்று. மூன்று ஊசிக்கு மேல். "மதியம் குழுவுல இதை வாசிங்க. இது ஏன் எங்க பட்டியல்ல இல்லன்னு கேட்டா, சலிச்சவ பாக்காம அழிச்சுட்டான்னு சொல்லுங்க."

"யாரு சலிச்சதுன்னு போட்டுக்கட்டும்?"

ஹல்வார் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.