பெருநாளன்று கிணற்றடியில் யார்?

1.

இந்தக் கதை ஒரு பரிந்துரைக் கடிதத்தில் பிறந்தது. எழுதியவன் நான். அறிவியல் சங்கமொன்று ஆண்டுதோறும் இரண்டு விருதுகள் கொடுக்கும்: ஒன்று ஆய்வுக்கு, மற்றது கற்பித்தலுக்கு. (சங்கத்தின் பெயர் வேண்டாம். கதை கற்பனை, கோபம் உண்மையாக வந்துவிடும்.) கற்பித்தல் விருதுக்கு, குருநகர்ப் பாடசாலை ஆசிரியை மேர்சி ரீச்சருக்காக இப்படி எழுதினேன்: "ஒன்பது ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல், பாடசாலைக் கிணற்றின் உப்பை மாணவர்களைக் கொண்டு அளந்து பதிவுசெய்தவர்."

எந்தக் கடிதத்துக்கும் பிரதியெடுத்துத் திகதியிடுகிறவன் நான். ரீச்சருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

2.

கடற்காற்று சில்லென்று வீசிய அந்தக் காலைப்பொழுதில் மேர்சி ரீச்சர்...

இல்லை. எல்லாக் கதைகளிலும் காற்று வீசுகிறது. நடந்ததைச் சொல்கிறேன். 'ஒரு நாளும் தவறாமல்' என்பது சரிதானா என்று பார்க்க, ரீச்சர், மாணவர்கள் தினம் உப்பளவு எழுதிய ஒன்பது ஆண்டுக் கொப்பிகளையும் மேசையில் பரப்பினார். (தன்னைப் புகழும் வசனத்தை யாராவது சரிபார்ப்பார்களா? இந்த இடத்தில் எனக்கே அவரை நம்பக் கடினமாக இருந்தது.)

ஒவ்வொரு யூலையிலும் கோயில் பெருநாளன்று உப்பளவு எழுதியிருந்தது. அன்றைக்கு ஊரே புனிதரின் சுருவச் சிலைக்குப் பின்னால் பவனியாக நடக்கும். பாடசாலை பூட்டியிருக்கும். பூட்டின் திறப்பு ரீச்சரின் கைப்பையில், அவரும் பவனியில்.

பழைய மாணவி றொசாந்தி இப்போது மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். பெருநாளன்று அளந்தது யார் என்று அவளிடம் போய்க் கேட்டார்.

"ஐயோ ரீச்சர், பெருநாள் சட்டையோட கிணத்தடிக்கு ஆர் போறது? முதல்நாள் இலக்கத்தைப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டனாங்கள். வெறுங்கட்டம் கண்டா நீங்கள் விடுவியளோ?"

"பெருநாளுக்கு மட்டுமோ?"

"என்ரை வருசத்தில பெருநாளுக்கு மட்டும்தான். மற்றதுகள் என்ன செய்ததுகளோ, ஆர் கண்டது!"

அவள் சிரித்தாள். ரீச்சர் சிரிக்கவில்லை.

3.

செந்தூரனும் அவருடைய மாணவன்தான். இப்போது பல்கலைக்கழக விரிவுரையாளர். இம்முறை கற்பித்தல் விருது ரீச்சருக்கு; அந்தக் கொப்பிகளை வைத்து அவன் செய்த ஆய்வுக்குத்தான் மற்ற விருது. ரீச்சர் அவனுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார்.

"வருசத்துக்கு ஒரு நாள்தானே ரீச்சர். அந்த நாளுகளை எடுத்துப்போட்டாலும் ஆய்வு முடிவு மாறாது."

"ஒரு நாள் எண்டு ஆர் சொன்னது? சரி, எடுத்துப் பாத்தனியோ?"

"இன்னும் இல்லை."

"பயமோ?"

"உங்களுக்கு ஓய்வு வருது. எனக்கு இனித்தானே எல்லாம். சனிக்கிழமை விருது விழா முடியும்வரைக்கும் ஒண்டும் கதையாதேங்கோ."

"வெறுங்கட்டத்துக்கு ஏசினது நான், தம்பி. பொய்யா எழுதினதுக்கு ஒருக்காலும் ஏசேல்லை. அப்ப பிள்ளையள் என்னட்டை எதைப் படிச்சதுகள்?"

4.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரீச்சர் விருதை மறுக்கிறார். அளவுக்கு மிஞ்சி நல்லவராகிவிட்டார், கிழித்தேன். மற்றதில் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகிறார். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்காமல் அதையும் கிழித்தேன்.

மிஞ்சியது சனிக்கிழமை மட்டும். மேடையில் ரீச்சர், தோளில் பொன்னாடை. முன்வரிசையில் செந்தூரன் குனிந்திருக்கிறான். அடுத்த பெயர் அவனுடையது. ரீச்சர் அறிவிப்பாளரின் பக்கம் திரும்புகிறார்.

"ரண்டு நிமிசம் கதைக்கலாமோ?"

விருது பெறுவோர் பேச நிகழ்ச்சிநிரலில் இடமில்லை. மறுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்த அறிவிப்பாளருக்கு நான் பெயரும் வைக்கவில்லை, முகமும் வைக்கவில்லை. வாசகரே, ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கிறது. ரீச்சர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.