நீலப் புள்ளிகள் இருந்த இடம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கூட்டம் நடந்த அறையில் ஜன்னல் திறந்திருந்ததா, அன்று மழை பெய்ததா என்பதெல்லாம் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மாறுகிறது. இன்னொரு விஷயத்தையும் வெகுகாலம் அப்படித்தான் மாற்றி வைத்திருந்தேன். என் தவறு கூட்டம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் அந்தப் படத்தைத் திறந்த தேதி கணினியில் இருக்கிறது. கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு.

அண்ணன் மனைவி வேலை பார்த்த வானியல் ஆய்வகத்தில்தான் நானும் வேலை பார்த்தேன். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நான் அங்கேயும் அண்ணி என்றே கூப்பிட, ஆறு மாதத்தில் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். “ஒரே கல்யாணத்துல எனக்கு முப்பது கொழுந்தன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

அண்ணி கேட்ட கேள்வி சிறியது. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். அதன் நடுவில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று இருக்கும். கொத்து முழுக்கக் கொதிக்கும் வாயு நிறைந்திருக்கிறது. அது ஆறினால் நடுவில் விழுந்து புதிய விண்மீன்களாக வேண்டும். ஆனால் நடு மண்டலத்துக்குள் இருக்கும் கருந்துளை பெரிய குமிழிகளை ஊதி வாயுவை ஆறவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் அங்கே விண்மீன்கள் பிறக்கின்றனவா என்பதே அண்ணியின் கேள்வி. நடு மண்டலங்களில் பிறப்பு எப்போதோ நின்றுபோய்விட்டது என்பதுதான் எங்கள் துறைத் தலைவரின் கட்சி. எந்தக் கேள்வியையும் முடித்துவைப்பதில் சமர்த்தர் என்பதால் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்திருந்தோம்.

“அதுங்க எல்லாம் ரிடையர் ஆனதுங்கம்மா. சாய்வு நாற்காலில படுத்திருக்கு. ஏன் போய் எழுப்பறீங்க?” என்பார் பூட்டு.

“எழுப்பலை சார். மூச்சு இருக்கான்னு பார்க்கறேன்” என்பார் அண்ணி.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. நீல நிற விண்மீன்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஓரிடத்தில் நீலம் தெரிந்தால் அங்கே சமீபத்தில் பிறப்பு நடந்திருக்கிறது. கிழடு தட்டிய மண்டலம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அண்ணி நாற்பது கொத்துகளின் படங்களைச் சேர்த்தார். ஒவ்வொன்றின் நடு மண்டலத்திலும் எவ்வளவு நீல ஒளி இருக்கிறது என்று அளக்க வேண்டும். அளப்பதற்கு முன், குறுக்கே வந்து நிற்கும் சின்னச் சின்ன மண்டலங்களின் ஒளியை நீக்க வேண்டும். அதற்குத்தான் மறைப்பு. சுட்டியால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அந்த இடம் கணக்கில் சேராது.

மறைப்புப் போட்டவன் நான். முதல் ஐந்து கொத்துகளை அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாகச் சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை. “உன் கை சுத்தம். இனி நான் பார்க்கத் தேவையில்ல” என்றார். எதை மறைக்க வேண்டும் என்று ஒரு விதி வேண்டியிருந்தது. அதையும் நானே எழுதினேன். நடு மண்டலத்தைவிட நீலமாகவும் சிறியதாகவும் தெரிவது எதுவானாலும் அது வேறொன்று, மறைத்துவிடு. எழுதும்போது அது எனக்கு வெகு நியாயமாகப் பட்டது. எதைத் தேடுகிறோமோ அதையே குப்பை என்று ஒதுக்கச் சொல்லும் விதி அது. முதல் ஐந்தும் உண்மையாகவே வயதான மண்டலங்கள். அவற்றில் விதி தவறவே இல்லை.

எட்டு மாதத்தில் நாற்பதும் முடிந்தன. எதிலும் நீலம் இல்லை. பதினேழாவது கொத்தில் மட்டும் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஹைட்ரஜன் வாயு ஒளிர்வது தெரிந்தது. புதிய விண்மீன்கள் பிறந்தால் அப்படி ஒளிரும். ஆனால் அது கருந்துளையின் வேலையாகவும் இருக்கலாம். அண்ணி அந்த ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வேலை இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டால் ஆய்வில் இருப்பார். இல்லையென்றால் அந்த வயதில் வேறு எந்த ஆய்வகமும் எடுக்காது. அதை முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம்.

கூட்டத்துக்கு வருபவர்கள் பார்ப்பதற்காக வாசலில் ஒரு பெரிய படம் மாட்டச் சொன்னார்கள். மறைப்புப் போட்ட படத்தில் கறுப்பு வட்டங்கள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அதனால் பதினேழாவது கொத்தின் மூலப் படத்தைத் திறந்து வண்ணம் சேர்த்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடு மண்டலத்தின் ஒரு பக்கம் பதினான்கு நீலப் புள்ளிகள் இருந்தன. குறுக்கே வந்த மண்டலங்கள் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்திருக்கும். இவை நூலில் கோத்ததுபோல ஒரு வளைவில் நின்றன. வாயுவுக்குள் குமிழிகள் ஓட்டைகளாகத் தெரியும் எக்ஸ்ரே படத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். கருந்துளை ஊதிய குமிழியின் விளிம்பும் அந்த வளைவும் ஒன்றாக இருந்தன. விளிம்பில் ஒதுங்கிய வாயு ஆறி, அங்கே பிறந்திருக்கிறது. பிறகு என் மறைப்பை மேலே வைத்தேன். பதினான்கு வட்டங்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்று மாலைக்குள் இன்னும் ஏழு கொத்துகளில் அதையே பார்த்தேன். நாற்பதையும் திரும்பச் செய்ய ஒரு மாதமாவது ஆகும். நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசல் படத்துக்கு வேறொரு கொத்தை எடுத்தேன். சிவப்பாக, குறையில்லாமல் இருந்த ஒன்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடத்தான். அண்ணன் பல் மருத்துவர்.

“வாடா. நீங்களும் எக்ஸ்ரேல ஓட்டை பார்க்கறீங்க, நானும் எக்ஸ்ரேல ஓட்டை பார்க்கறேன். நான் பார்த்தா அடைச்சிடுவேன். நீங்க பார்த்தா கட்டுரை எழுதுவீங்க.”

“உங்க ஓட்டை இங்கிருந்து கைக்கு எட்டும். எங்களுதுக்குப் போய்ச் சேரவே ஆயுசு பத்தாது” என்றார் அண்ணி. சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அண்ணி, அந்த மறைப்பு…”

“அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? இந்த ஆராய்ச்சியில நான் ரெண்டாவது தடவை பார்க்காம நம்பறது அது ஒண்ணைத்தான்.”

அவர் காகிதத்துக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கழுவி முடிப்பதற்குள் சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அண்ணி அரை மணி நேரம் பேசினார். பூட்டு கேட்டார்: “அந்த ஹைட்ரஜனைக் கருந்துளையே பண்ணியிருக்கலாமே. குழந்தை பிறந்திருக்குன்னா படத்துல நீலம் எங்கம்மா?”

அண்ணி திரும்பித் திரையைப் பார்த்தார்.

“படத்துல இல்ல சார்” என்றார்.

“மறைப்பை வேற யாராவது சரிபார்த்தாங்களா?”

“முதல் அஞ்சை நான் பார்த்தேன். மீதிக்கு இவன் கையே போதும்.”

பூட்டு என் பக்கம் திரும்பினார். அவர் மனசில் விஷம் எதுவும் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். “என்ன தம்பி, எல்லாம் சரிதானே?”

“சரிதான் சார்” என்றேன்.

நீட்டிப்புக் கிடைக்கவில்லை. அண்ணி மேசையைக் காலி செய்தபோது பெட்டிகளைக் கீழே தூக்கி வந்தவன் நான்தான். நடு மண்டலங்களில் பிறப்பு இல்லை என்று ஒரு கட்டுரை எங்கள் இருவர் பெயரிலும் வெளிவந்தது. என் வேலை நிரந்தரமானது.

ஆறு வருடம் கழித்து வேறொரு குழு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் பார்த்த நடு மண்டலங்களில் பலவற்றில் குமிழிகளின் ஓரமாகப் பிறப்பு நடந்துகொண்டிருந்தது. பதினேழாவது கொத்தும் அவர்கள் பட்டியலில் இருந்தது. அன்று மத்தியானமே அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“பார்த்தியா தம்பி?”

“பார்த்தேன் அண்ணி.”



“மறைப்புலதான் போயிருக்கு, இல்ல? நான் அஞ்சோட நிறுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது.”

“அப்ப எனக்கும் தெரியாது அண்ணி” என்றேன். சொல்லும்போது அது உண்மை என்றே எனக்குத் தோன்றியது. போனை வைத்த பிறகுதான் பழைய கோப்பின் தேதியைப் போய்ப் பார்த்தேன்.

அந்த வார இறுதியில் படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், தேதியோடு எல்லாவற்றையும் சொன்னேன். “டேய், என்னடா சொல்றே?” என்று எழுந்த அண்ணனை அண்ணி கையமர்த்தினார். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. படத்தை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோனார். மறைப்பில்லாமல் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“பதினாலு” என்றார். பிறகு, “எவ்வளவு அழகா இருக்கு.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

“நீ கிளம்பு தம்பி” என்றார். குரல் உயரவில்லை.

இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணி ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். ஆய்வுக்குத் திரும்பவில்லை. அழைப்பு ஒன்று வந்தபோது வேண்டாம் என்று எழுதிவிட்டார். அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. அண்ணன் மாதம் ஒருமுறை போன் செய்து உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். பூட்டு ஓய்வு பெற்ற மறு வருடம் இறந்துபோனார். எங்கள் கட்டுரைக்கு நான் எழுதிய திருத்தம் அரைப் பக்கம் வந்தது. மறைப்பில் பிழை, பொறுப்பு என்னுடையது என்று அதில் இருக்கிறது. நான் அதே ஆய்வகத்தில், அதே அறையில் வேலை பார்க்கிறேன். மறைப்புகளை இப்போது இரண்டு பேர் தனித்தனியாகப் போடுகிறார்கள்.